கை நடுக்கம்

ஓடுகிற ரயிலில், பெட்டி குலுங்கும்போது, செம்பைத் தலைக்குமேல் ஒரு முழம் தூக்கி, சட்டையில் சொட்டுப் படாமல் தண்ணீர் குடிக்கத் தெரிந்தவர் காந்திமதிநாதன். எழுபது தாண்டியும் அந்தக் கை ஆடியதில்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான், அப்பாவுக்கு அப்பாவும் அப்படித்தான். மேலவீட்டு ஆண்கள் யார் வீட்டுப் பாத்திரத்திலும் வாய் வைத்ததில்லை என்பது தாமிரபரணிக் கரையில் நாலு ஊருக்குத் தெரிந்த செய்தி. பொதுப்பணித்துறையில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மனைவியோடு உலகம் சுற்றக் கிளம்பியபோதும் பெட்டியில் முதலில் வைத்தது வெள்ளிச் செம்பைத்தான்.

அவரும் செண்பகவல்லியும் ஊரைவிட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு நகரத்தில் இரண்டு மாதம், இன்னொரு நகரத்தில் மூன்று மாதம் என்று தங்கித் தங்கிப் போகிற பயணம். ஜார்ஜியா நாட்டுத் திபிலீசிக்கு வந்தது திராட்சை அறுவடை பார்க்க. அறுவடை முடிவதற்குள் நோய் வந்தது. விமானங்கள் நின்றன, எல்லைகள் அடைபட்டன, மரத்தாழ்வாரங்கள் சூழ்ந்த ஒரு பழைய வளவில், மனானா என்கிற வீட்டுக்காரியின் மாடி அறையில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். நடுமுற்றத்தில் ஒரு மல்பெரி மரம், எல்லோருக்கும் ஒரே குழாய்.

அந்தக் குழாயடியில்தான் சுடலைமுத்துவை முதலில் பார்த்தார்.

சைக்கிளில் சென்னையிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டு, பாத்தூமி துறைமுகம் வரை போய், மேலே வழியில்லாமல் திரும்பி வந்த மனிதர். கப்பலில் முப்பது வருடம் தலைமை எஞ்சினியராக இருந்தவர். தமிழ் முகத்தைக் கண்டதும் தலையில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, திருநவேலியா? பேச்சக் கேட்டதும் எனக்கு உசிரே வந்துட்டு! எனக்கும் அம்பாசமுத்திரம் பக்கந்தான்."

காந்திமதிநாதனுக்கும் மனம் மலர்ந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டார். தெரிந்த ஊர். ஆற்றைத் தாண்டி இரண்டு மைல். அடுத்த கேள்வி தானாக வாயில் வந்தது.

"அங்க எந்தத் தெரு?"

சுடலைமுத்து அவரை ஒரு கணம் பார்த்தார். சிரிப்பு போகவில்லை, ஆனால் கொஞ்சம் குறைந்தது.

"கெழக்க, அண்ணாச்சி. கடேசித் தெரு."

அதன் பிறகு காந்திமதிநாதன் அவரோடு நன்றாகத்தான் பழகினார். சீட்டு விளையாடினார், ஊர்க்கதை பேசினார். நீ என்றும் சொல்லாமல், நீங்கள் என்றும் சொல்லாமல், வாக்கியத்தை வளைத்து வளைத்து நாள்கணக்கில் பேசினார். தான் பழைய காலத்து ஆள் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

நோயைப் பற்றி வளவில் எல்லோருக்கும் விளக்கியது சுடலைமுத்துதான். அவருக்கு ரஷ்ய மொழி தெரியும். மனானாவுக்கும் தெரியும். போனில் மொழிபெயர்க்கும் வசதி இருந்தாலும் மனானா அதைத் தொடமாட்டாள், கருவி பேசினால் யார் கண்ணைப் பார்ப்பது என்பாள். அதனால் வார்டு அலுவலகத்தில் சொல்வதை அவள் ரஷ்யத்தில் சொல்ல, அவர் தமிழில் சொல்வார்.

"இவளுக ரெண்டு பேரு, மதினி. அக்கா, தங்கச்சி," என்றார் ஒரு நாள் மல்பெரி மரத்தடியில். செண்பகவல்லியை அவர் மதினி என்று அழைப்பது காந்திமதிநாதன் காதில் ஒவ்வொரு முறையும் முள்ளாகக் குத்தும். "அக்கா வந்தா நெஞ்சுல ஏறி உக்காந்துக்குவா. மூச்ச எடுத்துட்டுத்தான் போவா. தங்கச்சி சாது. ரெண்டு நாளு நாக்குல ருசி தெரியாது, அவ்வளவுதான். ஆனா ஒருக்க தங்கச்சி வந்துட்டுப் போன வீட்டுல அக்கா கால் வைக்கமாட்டா."

"அப்பம் தங்கச்சியக் கூப்பிட்டுக்கிட வேண்டியதுதான? ஊசி போடலாம்லா?" என்றாள் செண்பகவல்லி.

"அதுதான் முடியல. ஆய்வுக்கூடத்துல எந்தக் குப்பியில வச்சாலும் செத்துப் போறா. தண்ணியில செத்துப் போறா, காத்துல செத்துப் போறா. மனுசன் வாயிலதான் இருப்பா. ஒரு உதட்டு ஈரத்துலேருந்து இன்னொரு உதட்டுக்குத்தான் போவா." சுடலைமுத்து ஒரு மண் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். வழவழப்புப் பூசாத சிவந்த மண். "இதுல ஒருத்தர் குடிச்சிட்டுக் குடுக்கணும். அவரு வாய் வச்ச அதே எடத்துல, ஈரம் காயுறதுக்குள்ள அடுத்தவரு வாய் வைக்கணும். முத்தம் குடுத்தாலும் அவ போவா, அது அவங்கவங்க சௌகரியம்."

செண்பகவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். காந்திமதிநாதன் சிரிக்கவில்லை.

"ஒருத்தரே எல்லாருக்கும் குடுத்துட்டா வேலை முடிஞ்சிதே?" என்று கேட்டார்.

"அது ஆவாது. ஒரு ஆளு ஒரு ஆளுக்குத்தான். நெறைய பேருக்குக் குடுத்தா தங்கச்சிக்கு அக்கா புத்தி வந்துருமோன்னு டாக்டருங்க பயப்படுதாங்க. அதான் சங்கிலி. ஊரு பூராவும் இப்படித்தான் நடக்கு."

உண்மைதான். நகரம் முழுதும் கிண்ணங்கள் கை மாறிக்கொண்டிருந்தன. குடித்தவர் மணிக்கட்டில் ஒரு பச்சை நாடா. நாடா கட்டியவர் முகமூடி இல்லாமல் வெளியே போகலாம், வேலை பார்க்கலாம். யாரையும் சோதித்துப் பார்க்கக் கருவிகள் போதவில்லை. வாயால் சொல்வதுதான் சாட்சி, அந்த நாட்டில் அது போதுமானதாக இருந்தது.

பாத்தூமியில் ஒரு துருக்கி லாரிக்காரரிடமிருந்து சுடலைமுத்து தங்கச்சியை வாங்கி வந்திருந்தார். இந்த வளவின் சங்கிலிக்கு அவர்தான் தலை. அடுத்தது யார்? மனானா யோசிக்கவே இல்லை. அந்த ஊர் வழக்கப்படி வயதில் மூத்தவருக்குத்தான் முதல் கிண்ணம். அவருக்கு அடுத்து அவளுடைய மகள் கேதோ, தெருமுனை ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள். கேதோவுக்குப் பின் மனானா, அதற்குப் பின் செண்பகவல்லி.

மூத்தவருக்கு முதல் மரியாதை என்றபோது காந்திமதிநாதனின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அறைக்கு வந்த பிறகுதான் யாருடைய கிண்ணம் என்பது உறைத்தது.

"நாம வேற எங்கயாவது வாங்கிக்கிடலாம்," என்றார் மனைவியிடம்.

"யார்ட்ட?"

"இந்த ஊர்க்காரங்க யாராவது."

செண்பகவல்லி மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைத்தாள். "இந்த ஊர்க்காரன் எச்சில் உங்களுக்கு ஆகும். அப்படித்தான?"

அவர் சன்னலைச் சாத்தப் போனார். சன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

மறுநாள் பிற்பகல் மனானாவின் சாப்பாட்டு அறையில் கிண்ணம் கொடுக்கப்பட்டது. கொடுப்பவர், வாங்குபவர், இருவர் மட்டுமே அறையில் இருக்கலாம். மற்றவர்கள் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். சுடலைமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல வந்திருந்தார். கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தார். ஈரத்தடம் காந்திமதிநாதனின் பக்கம் இருக்கும்படி கிண்ணத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார்.

பிறகு சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவர் திரும்பி நின்றது மரியாதையா, தெரிந்தே செய்ததா என்று காந்திமதிநாதனுக்குப் பிறகும் தெரியவில்லை. தான் நினைத்துச் செய்யவில்லை, பழக்கத்தில் கை தானாகப் போயிற்று என்று பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய். சிவந்த விளிம்பில் கரும்பழுப்பாக ஊறியிருந்த அந்த உதட்டுத் தடத்தை அவர் பார்த்தார். பார்த்த பிறகுதான் கை மேலே போயிற்று. தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு முழ உயரத்திலிருந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், முழுக் கிண்ணத்தையும் தொண்டையில் இறக்கினார்.

"ஆச்சா அண்ணாச்சி?" என்றார் சுடலைமுத்து, திரும்பாமலேயே.

"ஆச்சு."

மனானா ஓடி வந்து பச்சை நாடாவைக் கட்டினாள். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். கேதோ தாழ்வாரத்திலிருந்து கைதட்டினாள்.

இரண்டு நாள் ருசி தெரியக்கூடாது. காந்திமதிநாதன் ருசி தெரியாதவராக உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் நாள் செண்பகவல்லி வைத்த புளிக்குழம்பில் முதல் கவளத்திலேயே முகம் சுளித்து, அவசரமாகச் செம்பை எடுத்தார். உப்பு இரட்டிப்பாக இருந்தது. தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் மனைவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போய், ஈரம் சரியாகப் படவில்லை என்று தோன்றுகிறது, இன்னொரு முறை கொடுங்கள் என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஏன் படவில்லை என்று சுடலைமுத்து கேட்பார். கேட்காவிட்டால் இன்னும் மோசம், கேட்காமலே தெரிந்துகொள்வார். மேலவீட்டில் பிறந்தவன் பொய் சொன்னான் என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை. இன்று சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனதில் தங்கச்சி சுடலைமுத்துவின் வாயைவிட்டே போய்விட்டாள். அதன் பிறகு கேட்டுப் பயனில்லை.

கேதோவின் முறை வந்தது. காந்திமதிநாதன் தலைவலி என்றார். மனானா காத்திருந்தாள். வயிறு சரியில்லை என்றார். கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கடையில் ஆள் இல்லை, தெரு முழுக்க ரொட்டிக்குக் காத்திருக்கிறது, இனியும் தாமதித்தால் கேதோ முகமூடியோடாவது போயாக வேண்டும் என்று சுடலைமுத்து மொழிபெயர்த்தார்.

முகமூடியோடு போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தார் காந்திமதிநாதன். ஏன் என்று கேட்பார்களே என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கிண்ணத்தில் அவர் உதட்டை வைத்தார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பொதுப் பாத்திரத்தின் விளிம்பில் அழுத்தமாக, நன்றாக வைத்தார். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத உதடு. கேதோ அந்த இடத்தைத் தேடி வாய் வைத்துக் குடித்துவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் அவருடைய கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். செண்பகவல்லியிடம் பார்த்த பழக்கமாம், அவளிடம் கற்றுக்கொண்டாளாம்.

அந்த ஊர் ரொட்டிக்கடையில் அடுப்பு தரையில் புதைத்த பெரிய மண் கிணறு மாதிரி இருக்கும். மாவை உள் சுவரில் அறைய இடுப்பு வரை உள்ளே குனிய வேண்டும். கேதோ முகமூடி இல்லாமல், பச்சை நாடா கட்டிய கையோடு, குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்தாள். தினமும் காலையில் சூடான ரொட்டி ஒன்றைக் காந்திமதிநாதன் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கிண்ணம் குடித்த பிறகு இரண்டு நாளும் தனக்கு ருசி நன்றாகத் தெரிந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்கு லேசாகத்தான் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒரு வாரம் போல ஆனது. மனானாவின் முறை இன்னும் வரவில்லை. ஒரு காலை வாசலில் ரொட்டி இல்லை.

அக்கா வந்துவிட்டாள்.

கேதோவை ஆம்புலன்சில் ஏற்றும்போது தாழ்வாரமே நிறைந்திருந்தது. மனானாவை உள்ளே ஏறவிடவில்லை. அவள் வண்டிக் கதவில் கையை வைத்தபடி தெருமுனை வரை ஓடினாள். காந்திமதிநாதன் மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சை நாடா மணிக்கட்டில் இறுகுவதுபோல இருந்தது.

வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து சங்கிலியை விசாரித்தாள். அந்தப் பெரியவரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நிமிர்ந்த முதுகு, நரைத்த தலை, முதல் மரியாதை பெற்றவர். எல்லாக் கண்ணும் சங்கிலியின் தலைக்குப் போயிற்று. பாத்தூமி லாரிக்காரருக்குப் பெயர் என்ன? தெரியாது. சாட்சி உண்டா? இல்லை. அப்படியானால் இந்த சைக்கிள்காரர் வாங்காததை வாங்கியதாகச் சொல்லி நாடா கட்டிக்கொண்டவர். ஊரில் இப்படிச் சிலர் பிடிபட்டிருந்தார்கள். அவர்களைப் புறநகர் விளையாட்டரங்கில் போட்டிருக்கிற முகாமுக்கு அனுப்புவார்கள். அந்த முகாமுக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றி வளவில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

சுடலைமுத்து தன்மேல் வந்த குற்றச்சாட்டைத் தானே தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார். "நான் பொய்க்காரன்னு சொல்லுதாங்க, மதினி. நாளைக்கு வண்டி வருமாம்." சொல்லிவிட்டு ஒரு முறை, ஒரே முறை, காந்திமதிநாதனைப் பார்த்தார். பிறகு சைக்கிள் பையை மூட்டை கட்டப் போய்விட்டார்.

அறைக் கதவைச் சாத்தியதும் செண்பகவல்லி சொன்னாள்: "நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்த?"

"நாப்பத்தஞ்சு வருசம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டுருக்கேன். உப்புக் கூடுனா உங்க புருவம் எப்படிப் போவும்னு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அந்தப் பிள்ளை உங்க கைய நெத்தியில ஒத்தும்போதும் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க வீட்டு மானத்துல எனக்கும் பங்கு உண்டுல்லா. இப்பம் வேண்டாம். அந்தப் பங்கு எனக்கு வேண்டாம்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு சட்டையை மாற்றி, செருப்பைப் போட்டு, படியிறங்கினார். இறங்கும்போது நெஞ்சில் ஒரு கம்பீரம்கூட வந்தது. தப்புச் செய்தவன் நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்வது சின்னக் காரியம் இல்லை, மேலவீட்டுக்காரன் அதையும் நிமிர்ந்து நின்று செய்வான் என்று ஒரு எண்ணம்.

முற்றத்தில் மனானா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வார்டுப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். காந்திமதிநாதன் சுடலைமுத்துவைக் கூப்பிட்டார்.

"நான் சொல்லுறத அப்படியே இவங்ககிட்டச் சொல்லணும். ஒரு வார்த்தை விடாம."

சுடலைமுத்து கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

"இவரு மேல குத்தம் இல்ல. நாந்தான் வாய் வைக்கல. அண்ணாந்து குடிச்சேன். இவரு வாய் வச்ச எடத்துல வைக்க எனக்கு மனசு ஒப்பல. இவரு கெழக்குத் தெரு. எங்க வீட்டுல வழக்கமில்ல. அதுதான் காரணம், வேற காரணம் கெடையாது. அந்தப் பிள்ளைக்கு நான் குடுத்தது வெறுங்கிண்ணம். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

கேட்டுக்கொண்டிருந்த சுடலைமுத்துவின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சுடலைமுத்து மனானாவின் பக்கம் திரும்பி ரஷ்யத்தில் பேசினார். மெதுவாக, தேர்ந்து தேர்ந்து பேசினார். நடுவில் தன் வலது கையை நீட்டி, விரல்களை லேசாக ஆட்டிக் காட்டினார். தலையை ஒருமுறை குனிந்தார். வார்டுப் பெண் குறித்துக்கொண்டாள். காந்திமதிநாதன் அடிக்குக் காத்திருந்தார். மனானா எழுந்து வந்தாள். கன்னத்தில் விழும் என்று அவர் கண்ணை மூடவில்லை, திறந்தே வைத்திருந்தார்.

அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அழுதாள். ஏதோ சொன்னாள். கோபம் இருந்தது, ஆனால் அது பிள்ளைகளைக் கடிந்துகொள்கிற கோபம். வார்டுப் பெண் சுடலைமுத்துவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

குழாயடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் காந்திமதிநாதன் அவரைப் பிடித்தார்.

"என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"வயசாளிக்குக் கை நடுக்கம். கிண்ணத்த உதட்டுல நிலையா வைக்க முடியல, சிந்திருச்சு, வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டாருன்னு சொன்னேன்."

காந்திமதிநாதனின் காது சிவந்தது. "நான் அப்படியா சொன்னேன்? என் தப்ப நான் ஒத்துக்கிடுதேன். உங்க தயவு எனக்கு வேண்டாம்."

"தயவா?" சுடலைமுத்து வாய்விட்டே சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "உங்களுக்காகச் சொன்னேன்னு நெனைச்சீங்களா அண்ணாச்சி? நல்லாருக்கு. கப்பல்ல இருவது நாட்டுக்காரன் ஒரே மேசையில திம்போம். பதினோரு நாடு சைக்கிள்ல தாண்டி வந்துருக்கேன். எங்கயும் ஒரு ஆளு என்கிட்ட எந்தத் தெருன்னு கேட்டதில்ல. இந்தக் குழாயடியில வச்சு நீங்க கேட்டீங்க."

காந்திமதிநாதன் மணிக்கட்டு நாடாவை முறுக்கினார்.

"நீங்க சொன்னத அப்படியே சொல்லியிருந்தா மனானா அடுத்து என்ன கேப்பா? ஒன் வாயில அப்படி என்ன இருக்குன்னு என்னையப் பாத்துக் கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? உங்க குத்தத்தச் சொல்லணும்னா என் கதைய நான் சொல்லணும். இந்த வளவுல நான் சுடலை, சைக்கிள்காரன், சீட்டுல ஏமாத்துறவன். நாளைலேருந்து என்னையப் பாக்கும்போது மனானா கண்ணுல ஒரு எரக்கம் வரும் பாருங்க, அதுக்கு அந்த முகாமே தேவல." குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். "நீங்க மனசுல கெடந்த பாரத்த எறக்கிட்டீங்க. நிமிந்து நின்னு எறக்கிட்டீங்க, பாத்தேன். எறக்கி வச்ச எடம் எது? என் தலை."

"அப்பம்... இனி நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். கை நடுங்கணும், அவ்வளவுதான். அவ பாக்கும்போதெல்லாம் நடுங்கணும்."

கேதோ பிழைத்துக்கொண்டாள். மரங்கள் இலை உதிர்த்து முடித்த பிறகு வீட்டுக்கு வந்தாள். படியேற முடியாததால் கீழ்த் தாழ்வாரத்திலேயே அவளுக்குக் கட்டில் போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு காத்திருக்க வேண்டியிருந்தது. இனி அடுப்புக்குள் குனிய முடியாது, புகை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் கல்லாவில் உட்காரச் சொல்லியிருந்தாராம்.

அறுந்த சங்கிலியை அறுந்த இடத்திலிருந்துதான் மறுபடி கோக்க வேண்டும் என்பது வார்டு விதி. அதனால் முதல் கிண்ணம் மறுபடியும் காந்திமதிநாதனுக்குத்தான். கொடுக்க வந்தவர், தன் தெருச் சங்கிலியில் தங்கச்சியை வாங்கியிருந்த மனானாவின் தம்பி சுராப். பெரிய மீசை, பூண்டு வாசனை, டாக்சி ஓட்டுகிறவர். வந்ததும் காந்திமதிநாதனின் தோளில் ஓங்கித் தட்டினார்.

இந்த முறை அறைக்குள் இல்லை. முற்றத்தில், எல்லோரும் பார்க்க நடத்துவது என்று மனானா தீர்மானித்திருந்தாள். சுராப் குடித்துக் கொடுத்ததும் கிண்ணத்தை அவளே வாங்கிக்கொண்டாள்.

"நானே பிடிச்சுக்கிடுதேன்னு சொல்லுதா," என்றார் சுடலைமுத்து, மரத்தில் சாய்ந்தபடி. "சிந்தாம இருக்கணுமாம்."

மனானா இடது கையால் அவருடைய பிடரியைத் தாங்கினாள். குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோலக் கிண்ணத்தை வாய்க்கருகே கொண்டுவந்தாள். சுராப்பின் மீசை பட்ட ஈரம் விளிம்பில் இருந்தது. பூண்டு மணத்தது. காந்திமதிநாதனின் கைகள் மடியில் கிடந்தன. கல்லில் செதுக்கியதுபோல அசையாமல் கிடந்தன. தாழ்வாரத்துக் கட்டிலிலிருந்து கேதோ அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வலது கையைத் தூக்கினார். கிண்ணத்தைத் தாங்கப் போகிறவர்போல நீட்டி, விரல்களை நடுங்கவிட்டார். உதடு விளிம்பில் பட்டது. தண்ணீர் வாய்க்குள் பாதியும் முகவாயில் பாதியுமாக வழிந்து சட்டையை நனைத்தது. மனானா ஏதோ ஆறுதல் சொல்லித் தன் மேலங்கி நுனியால் துடைத்துவிட்டாள். செண்பகவல்லி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேதோ கட்டிலிலிருந்து கையசைத்து, விட்டு விட்டு எதையோ சொன்னாள். தாய் ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சுடலைமுத்து கொஞ்சம் தாமதித்துத்தான் மொழிபெயர்த்தார்.

"கை நடுங்குதது குளிருனாலயும் இருக்கும்னு சொல்லுதா. அவ கம்பளிய உங்களுக்குப் போத்திவிடச் சொல்லுதா."

போர்த்தினார்கள்.

சாப்பிடும்போது செண்பகவல்லி வெள்ளிச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். பாதிதான் நிறைத்திருந்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இனிமே பாதிதான்," என்றாள். "கை நடுங்குதவங்களுக்கு முழுச் செம்பு குடுத்தா, பாக்குதவங்க என்ன நெனைப்பாங்க? ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடிங்க."

கதவு திறந்திருந்தது. எதிர்த் தாழ்வாரத்தில் மனானா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காந்திமதிநாதன் முதுகை வளைத்து, செம்பை இரண்டு கையாலும் பிடித்து, அதன் விளிம்பில் வாய் வைத்தார். அவள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்துவிட்டு, கையை நடுங்கவிட்டார்.